பண்ணும் ஓவியமும் ஏடும்



திருக்கோயிலின் விமானத்து உச்சியில் புனித நீர் சொரியும் அந்த ஒரு நொடிக்காகப் பல கைகள் பல ஆண்டுகள் உழைக்கின்றன. சிற்பி உளியை ஏந்துகிறான். ஓவியன் தூரிகையைத் தீட்டுகிறான். ஓதுவார் பண்ணை எழுப்புகிறார். புலவர் தலபுராணத்தை ஏட்டில் எழுதுகிறார். பார்ப்பவர்க்கு இவை வேறு வேறு தொழில்களாகத் தோன்றும். ஆயினும், இவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்து வளர்த்த வரலாறு ஒன்று உண்டு. திருவாரூரில் ஒரு பாட்டாகத் தோன்றி, தஞ்சையில் ஓவியமாகி, தில்லையில் காப்பியமாகி, தாராசுரத்தில் கல்லாகி, மீண்டும் திருவாரூருக்கே வண்ணமும் இசையுமாக வந்து சேர்ந்த வரலாறு அது. அதனை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம். கும்பாபிஷேக வேளையில் இதனை நினைவூட்டுதற்குக் காரணமும் ஒன்று உண்டு. அது இறுதியில் விளங்கும்.

மார்க்கண்டேயர் தந்த விடை

விஷ்ணு தர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் ஓர் உரையாடல் வருகிறது. வஜ்ரன் என்னும் மன்னன் மார்க்கண்டேய முனிவரை அணுகித் தெய்வத் திருமேனி அமைக்கும் முறையைக் கற்பிக்க வேண்டுகிறான். முனிவரோ, ஓவிய நூல் அறியாதவனுக்குத் திருமேனி இலக்கணம் விளங்காது என்கிறார். அப்படியாயின் ஓவியத்தைக் கற்பிக்குமாறு மன்னன் கேட்கிறான். கூத்து நூல் அறியாதவனுக்கு ஓவியம் கைவராது என்கிறார் முனிவர். கூத்திற்குக் கருவியிசை வேண்டும். கருவியிசைக்கு வாய்ப்பாட்டு வேண்டும். பாட்டிற்கோ மொழியும் யாப்பும் வேண்டும். இவ்வாறு கல்லைப் பற்றிக் கேட்கப் போந்த மன்னன், படிப்படியாகச் சொல்லிடத்து வந்து நிற்கிறான்.

முனிவர் மன்னனை அலைக்கழித்தார் என்று எண்ணுதல் தவறு. ஆடாத கல்லில் ஆட்டத்தைக் காட்ட வேண்டியவன் ஆட்டத்தின் தாளத்தை அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ? தாளம் அறியாத கை வடித்த கூத்தப்பெருமான், கால் தூக்கி நிற்பாரேயன்றி ஆடமாட்டார்.

எழுத்து என்னும் சொல்

இவ்வுண்மையைத் தமிழ் மொழி தன் சொல்லிலேயே வைத்துக் காத்தது. ஏட்டில் எழுதுவதும் எழுத்து. சுவரில் தீட்டுவதும் எழுத்து. கண்ணுக்கு மை எழுதுதல், தொய்யில் எழுதுதல் என்னும் வழக்குகளும் இதனைக் காட்டும். திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு, அக்குன்றத்துக் கோயிலருகே ஓவியங்கள் நிறைந்த ஒரு மண்டபத்தைக் காட்டுகிறது. அம்மண்டபத்தை எழுத்துநிலை மண்டபம் என்றே புலவர் நப்பண்ணனார் குறிக்கிறார். வழிபட வந்த மக்கள் சுவரைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என்று வினவுகின்றனர். இவன் காமன், இவள் இரதி. இவன் இந்திரன், இவள் அகலிகை என்று அறிந்தோர் விடை பகர்கின்றனர்.

பரிபாடற் பாட்டுகள் வெறும் படிப்பிற்கு உரியன அல்ல. பாடிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் அவற்றிற்குக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே அந்தப் பத்தொன்பதாம் பாட்டில் ஓவியம் பாட்டிற்குப் பொருளாயிற்று. பாட்டு பண்ணிற்கு உடலாயிற்று. மூன்றையும் ஏடு சுமந்து வந்தது. முருகன் குன்றத்தில் அன்றே மூன்று கலைகளும் கைகோத்து நின்றன.

ஆரூரில் பிறந்த பாட்டு

இனித் திருவாரூருக்கு வருவோம். தேவாசிரிய மண்டபத்தில் அடியார் திருக்கூட்டம் அமர்ந்திருக்கிறது. அவ்வழியே இறைவனை வணங்கச் செல்லும் நம்பியாரூரர், இவர்களுக்கெல்லாம் அடியேன் ஆகும் நாள் எந்நாளோ என்று உள்ளம் உருகுகிறார். இறைவனே முதலடி எடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பிறந்தது என்பது சைவ மரபு. கொல்லிக்கௌவாணப் பண்ணில் அமைந்த அத்திருப்பதிகம் பதினொரு பாட்டே உடையது. அப்பதினொரு பாட்டில் அறுபது தனியடியாரும் ஒன்பது தொகையடியாரும் இடம்பெற்றனர். ஆரூரரையும் அவர்தம் தந்தை சடையனாரையும் தாய் இசைஞானியாரையும் கூட்ட, நாயன்மார் அறுபத்து மூவர் ஆயினர்.

அப்பதிகத்தில் கதை இல்லை. பெயரும், பெயருக்கு முன் ஓர் அடைமொழியும், ஒவ்வொருவர்க்கும் அடியேன் என்னும் வணக்கமுமே உண்டு. அந்த அடைமொழிகள் விதைகள். பின்னர் ஓவியரும் புலவரும் சிற்பியரும் அறுவடை செய்த விளைவெல்லாம் அவ்விதைகளுள் அடங்கிக் கிடந்தன.

செல்லரித்த ஏடும் செல்லரியாத பண்ணும்

மூவர் பாடிய பதிகங்கள் தில்லைத் திருக்கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தான் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. கண்டது யாது? புற்று மூடிய ஏடுகள். கரையான் தின்றது போக எஞ்சியவை. எஞ்சிய ஏடுகளும் சொல்லைத் தந்தனவேயன்றிப் பண்ணைத் தரவில்லை. பாட வேண்டிய முறை எவருக்கும் தெரியவில்லை. அப்பொழுது திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரை அழைத்துப் பண்களை வகுப்பித்தனர் என்று அந்நூல் தெரிவிக்கிறது. திருஞானசம்பந்தர் பாடியபோது உடனிருந்து யாழிசைத்தவர் அந்த யாழ்ப்பாணர். மன்னனிடம் இல்லாததும் ஏட்டில் இல்லாததுமாகிய செல்வம் ஒரு பெண்ணின் குரலில் இருந்தது.

இவ்வரலாற்றில் ஒரு பேருண்மை உண்டு. ஏடு சொல்லைக் காக்கும். ஆனால் ஒலியைக் காக்கும் ஏடு மனிதத் தொண்டையே. அத்தொண்டை அடைத்துப்போனால், அறை நிறைய ஏடு இருந்தும் பாட்டு ஊமையாகிவிடும். இதனை முதலாம் இராசராசன் நன்கு உணர்ந்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக 50 பேரை அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். அவருள் ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர் உறவினருள் தக்கவர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும்; தாம் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைப் பாடுவிக்க வேண்டும் என்றும் விதித்தான். பாடுவார் வரிசை ஒருநாளும் அறுந்துபோகலாகாது என்பதே அம்மன்னன் கவலை. அக்கவலையைக் காத்து நிற்பது கல்வெட்டு; அஃதாவது எழுத்து.

தஞ்சையின் இருட்சுவர்

அப்பெரிய கோயிலின் விமானத்திற்கு 1010 ஆம் ஆண்டில், தன் ஆட்சியின் 25 ஆம் ஆண்டு 275 ஆம் நாளில், இராசராசன் செப்புக்குடம் அளித்தான். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் ஓவியங்கள் தீட்டப்பெற்றன. அதற்கு மேல்தளத்தின் உட்சுற்றில் நாட்டிய கரணங்கள் 108-இல் 81 கரணங்களைச் சிவபெருமானே ஆடிக் காட்டும் சிற்பங்கள் அமைந்தன. கீழே ஓவியம், மேலே கூத்து, முன்னே நாற்பத்தெண்மர் பாட்டு! மார்க்கண்டேயர் வஜ்ரனுக்குச் சொன்ன விடை அங்கே கற்றளியாகவே எழுந்து நின்றது.

பிற்காலத்தில் நாயக்கர் கால ஓவியர் அச்சுவர்மேல் புதிய சாந்து பூசிப் புதிய ஓவியம் தீட்டினர். சோழர் ஓவியம் அடியில் மறைந்தது. 1931 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதனினும் பழைய கோடுகளைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். மூடிய பூச்சே ஒருவகையில் அடியில் இருந்ததைக் காத்தது.

அச்சுவரில் ஆரூரர் வரலாறு எழுந்து நிற்கிறது. ஒருபுறம் திருமணத்திற்கு உரிய சமையல் நடைபெறுகிறது. அப்பால் திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் கையில் ஓலையோடு வந்து வழக்கிடுகிறார். அவையோர் முகங்களில் வியப்பும் ஐயமும் நிழலாடுகின்றன. மேலே வெள்ளை யானைமீது ஆரூரரும், குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகின்றனர். உச்சியில் சிவபெருமான் வீற்றிருக்க, அரம்பையர் ஆடுகின்றனர். வானோர் இசை முழக்குகின்றனர்.

இந்த ஓவியத்தின் உள்ளே ஏடும் இசையும் இருப்பதை அன்பர்கள் உன்னிப்பாக நோக்க வேண்டும். முதியவர் கையில் இருப்பது ஓலை. ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என எழுதிய ஆவணம். ஆரூரர் சினந்து பறித்துக் கிழித்தது படியோலை. மூல ஓலை அவையில் காட்டப்பட்டு வழக்கு தீர்ந்தது. தீர்ந்தபின் ஆண்டவன் கேட்ட கூலி யாது? பாட்டு. வழக்கில் வாய்தவறி வந்த வசைச்சொல்லையே முதற்சொல்லாக வைத்து ஆரூரர் இந்தளப் பண்ணில் முதற்பதிகம் பாடினார். அடிமையோலை பாட்டாயிற்று, பாட்டு ஓவியமாயிற்று.

கயிலைக் காட்சியும் அவ்வாறே. யானைமீது செல்லும்போது ஆரூரர் பாடிய பதிகம் பஞ்சமப் பண்ணில் அமைந்த நொடித்தான்மலைத் திருப்பதிகம். குதிரையில் வந்த சேரமானோ திருக்கயிலாய ஞான உலாவைக் கயிலைநாதன் திருமுன் அரங்கேற்றினார் என்பர். ஒருவர் பாட்டையும் மற்றவர் நூலையும் கொண்டு செல்ல, இருவரையும் கொண்டு சென்றவன் ஓவியன்.

சோழர்கால ஓவியன் சுண்ணச் சாந்தின் ஈரம் உலருமுன் தீட்டினான் என்பது அறிஞர் துணிபு. ஈரச் சாந்தில் படிந்த வண்ணம் சுவரோடு ஒன்றாகிவிடும். காய்ந்தபின் கோட்டைத் திருத்த இயலாது. ஒரு பகுதிக்குச் சாந்து பூசினால், அது உலருமுன் அப்பகுதி முற்றுப்பெற வேண்டும். மூச்சு அடங்குமுன் அடியை நிறைவு செய்யும் ஓதுவாரின் பயிற்சிக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. யானையின் கால்வீச்சிலும் அரம்பையர் இடைவளைவிலும் தயக்கமின்றி ஓடும் அக்கோடு, கதையைக் காதால் பலமுறை கேட்டு நெஞ்சில் நிறைத்தவன் கைக்கோடு.

சேக்கிழார் திருவாக்கு

படம் என்பது நூலைப் பார்த்து வரைவது என்று பலரும் எண்ணுவர். தஞ்சைச் சுவர் அவ்வெண்ணத்தை மாற்றுகிறது. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை. ஓவியமோ அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் மூத்தது. கதை சுவரில் முதலில் விரிந்தது. காப்பியத்தில் பின்னர் விரிந்தது. ஆரூரரின் பதிகங்கள், நம்பியின் திருவந்தாதி, கோயில்தோறும் வழங்கிய செவிவழிச் செய்தி, சோழ நாட்டார் கண்ட திருவுருவங்கள் ஆகிய எல்லாம் சூழ்ந்த உலகில் வாழ்ந்தே சேக்கிழார் பாடினார்.

அவர் தம் காப்பியத்தைப் பதின்மூன்று சருக்கங்களாக வகுத்தார். முதலாவது திருமலைச் சருக்கம். இறுதி வெள்ளானைச் சருக்கம். இடையில் உள்ள பதினொரு சருக்கங்களுக்கும் திருத்தொண்டத்தொகையின் பதினொரு பாட்டுகளின் தொடக்கச் சொற்களையே பெயராக இட்டார். பதினொரு பாட்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டாக வளர்ந்தது. எனினும் ஆரூரர் போட்ட அடித்தளம் சிறிதும் அசையவில்லை. கயிலையில் தொடங்கி வெள்ளை யானையோடு கயிலையில் முடியும் அக்காப்பியத்தின் இறுதிக் காட்சி, தஞ்சைச் சுவரின் உச்சியில் உள்ள அதே காட்சி.

கல்லில் வாசித்த காப்பியம்

காப்பியம் பிறந்தபின் அது கல்லை நோக்கி நடந்தது. 1146 முதல் 1173 வரை ஆண்ட இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை எடுப்பித்தான். அக்கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசைப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு முழத்திற்கும் குறைந்த உயரமே. கண்ணை அப்பும் கண்ணப்பரும், முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட ஆரூரரும் அங்கே உளர். பலவற்றின் மேல் இன்னார் கதை என்று பெயரும் பொறித்தனர்.

சேக்கிழார் ஒரு வரலாற்றை நூறு பாட்டில் சொன்னால், சிற்பி அதனை ஒரே நொடியில் சொல்ல வேண்டும். எந்த நொடியைத் தேர்வது? அங்கேதான் சிற்பியின் புலமை விளங்குகிறது. படிக்கத் தெரியாத உழவனும் வலம் வரும்போது பெரியபுராணம் முழுவதையும் காலால் நடந்தே படித்து முடித்தான். கோயிற்சுவர் அவனுக்கு ஏடாயிற்று. அவன் நடையே ஓதுதலாயிற்று.

மீண்டும் ஆரூர்

ஆரூரில் பிறந்த பாட்டு அலைந்து திரிந்து ஆரூருக்கே மீண்டது. ஆரூரர் அடியார் கூட்டத்தைக் கண்ட இடம் என்று போற்றப்பெறும் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி முசுகுந்தன் கதை ஓவியமாயிற்று. இந்திரனுக்குப் போரில் துணைநின்ற முசுகுந்த சோழன் தியாகராசப் பெருமானைப் பரிசாக வேண்டினான். இந்திரன் ஒன்றுபோல் ஏழு திருமேனிகளை முன்வைக்க, மெய்யான திருமேனியை இனங்கண்டு கொணர்ந்தான் என்பது அக்கதை. அவ்வோவியத்தில் காட்சிதோறும் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. ஊர்வலங்களில் இசைக்கருவியாளரும் ஆடல் மகளிரும் அணிவகுக்கின்றனர். பெயர் மறைத்து வாழ்ந்த ஓவியர் உலகில், இங்கு மட்டும் சிங்காதனம் என்னும் ஓவியர் தம் பெயரையும் எழுதி வைத்தார். ஆரூர்ப் பெருமானுக்கு அடியார் வரிசை பாடிய இடத்தில், தாமும் ஓர் அடியார் என்று அவர் நின்றுகொண்டார் போலும்!

தியாகராசப் பெருமானின் கூத்து அசபா நடனம் எனப்படும். திருமாலின் நெஞ்சில் அமர்ந்து, அவர்தம் மூச்சின் ஏற்ற இறக்கத்திற்கு இசைய ஆடுவது அது. வாய் ஒலிக்காத இசைக்கு ஆடும் கூத்தினை உடைய அவ்வூரிலேயே, கருநாடக இசையின் மும்மூர்த்திகளும் பிறந்தனர். அவருள் 1775 இல் பிறந்து 1835 இல் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஆரூர்க் கோயிலின் சந்நிதிகள் பலவற்றிற்குத் தனித்தனியே கீர்த்தனைகள் இயற்றினார். கமலாம்பிகைமேல் நவாவரணக் கீர்த்தனைகளையும் பாடினார். அவர் பாட்டில் திருமேனியின் நிறமும் கோலமும் கையில் ஏந்திய பொருளும் தலத்தின் பெருமையும் முறையாக வரும். கண்ணை மூடிக் கேட்பவர்க்கு உள்ளே ஒரு திருமேனி உருவாகும். சிற்பி கல்லில் வடித்ததை அவர் இராகத்தில் மீண்டும் வடித்தார்.

செய்யத்தக்கது யாது?

மூன்று கலைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொரு குறை உண்டு. ஓவியத்திற்கு ஒலி இல்லை. இசைக்கு உருவம் இல்லை. ஏட்டிற்கு இரண்டும் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கப் புகுந்தமையாலேயே ஆரூரர் பாட்டு ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அழியாது நிற்கிறது. ஏடு செல்லரித்தபோது குரல் காத்தது. கதை காப்பியமாகு முன் சுவர் காத்தது. பாடுவார் பெற்ற நெல்லைக் கல்வெட்டுக் காத்தது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை தளரும்.

இங்கேதான் திருப்பணியாளர் கடமை வந்து நிற்கிறது. கும்பாபிஷேகம் என்றால் கோயிலைப் புதுப்பித்தல் என்பது உண்மை. ஆனால் புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழைய ஓவியத்தின்மேல் வெள்ளையடித்த கோயில்கள் எத்தனை! கல்வெட்டின்மேல் சாந்து பூசிய சுவர்கள் எத்தனை! அழுத்தக் காற்றினால் மணலை வீசிக் கல்லைத் துலக்கும் முறை, அழுக்கோடு எழுத்தின் கூர்மையையும் தின்றுவிடுகிறது. நாயக்கர்கால ஓவியன் பழைய ஓவியத்தை மூடியபோது, அதற்கு ஈடாகத் தானும் ஓர் ஓவியத்தைத் தந்தான். வெறுஞ் சுண்ணாம்பு தருவது யாது? செய்தவர்க்குத் தீய எண்ணம் இல்லை, பக்தியே உண்டு. ஆயினும் அறியாப் பக்தியின் கையாலும் அழிவு நேரும் என்பதை மறத்தல் ஆகாது.

திருவாரூர் மண்டபத்து ஓவியங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நவீன முறையில் பயின்ற வல்லுநரால் தூய்மை செய்யப்பெற்று ஒளி பெற்றன. புதிதாகத் தீட்டாமலே பழையது மீளும் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே திருப்பணி தொடங்குமுன் சுவரையும் விதானத்தையும் விளக்கொளியில் ஆராய்தல் வேண்டும். சிறு வண்ணத் துணுக்கு தென்படினும் அறிந்தவரை அழைத்தல் வேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுத்தபின்பே கல்லில் கை வைத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. சுவரைக் காப்பது போல் குரலையும் காத்தல் வேண்டும். தருமபுரம் முதலிய ஆதீனங்கள் தேவாரப் பாடசாலை நடத்தி ஓதுவார்களை உருவாக்கி வந்துள்ளன. பயின்று வெளிவரும் இளைஞர்க்கு வயிறார உண்ணும் வாழ்வு உண்டா என்பதே வினா. கலசத்திற்குப் பொன் பூசும் செல்வர், அக்கலசத்தின் கீழ் நாள்தோறும் பண்ணோடு பாடும் ஒருவர்க்கும் நிலையான ஊதியம் வகுப்பாராயின், இராசராசன் கல்லில் வெட்டிய முக்குறுணி நெல் இன்றும் அளக்கப்படுகிறது என்றே பொருள். ஓதுவார் பாடும்போது சிறுவர் இருவர் அருகில் அமர்ந்து கேட்டால் போதும். எருக்கத்தம்புலியூர்க்கு ஆள் அனுப்பவேண்டிய நிலை மீண்டும் வாராது.

குடத்து நீர் ஒரு நாளில் வடிந்துவிடும். சுவரில் ஓவியமும், ஏட்டில் எழுத்தும், ஓதுவார் நாவில் பண்ணும் வடியாது நிற்பின், அதுவே நாள்தோறும் நடைபெறும் குடமுழுக்கு. அந்நிலை எல்லாத் திருக்கோயில்களுக்கும் வாய்க்க இறைவன் திருவருள் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.